ஆணையிடுவார் இல்லாத வேளை

தூத்துக்குடி

சிரஞ்சீவி மருமகனுக்கு,

விடுதிக்குப் போனதிலிருந்து எழுவதிலும் படிப்பதிலும் நியமம் எதுவும் நிலைக்கவில்லை என்று வருந்தி எழுதியிருந்தாய். மதராஸ் ரெஜிமெண்டில் சேவித்த உன் தாத்தாவின் சிட்சையை வெறும் விறைப்பும் அதட்டலும் என்றே உங்கள் தலைமுறை எண்ணிக்கொண்டிருப்பதால், இதைச் சற்று விரித்தே எழுதுகிறேன்.

பட்டாளத்தில் விடியுமுன் பியூகிள் ஊதும். எழாதவனுக்குத் தண்டனை உண்டு. ஆகையால் அங்கே எழுவது பெரிய காரியமன்று. பென்ஷனோடு ஊர் திரும்பி, ஊதுவாரும் இல்லை, ஏனென்று கேட்பாரும் இல்லை என்றான பின்னரும், அதே வேளைக்கு எழுந்து, படுக்கையைத் தம் கையாலேயே மடித்து, முகம் மழித்து, அன்றைய வேலைக்குச் சித்தமாய் வாசலில் வந்து நின்றாரே, அதையே அவருடைய மெய்யான வீரமென்று நான் கருதுகிறேன்.

1955 முதல் 1961 வரை இக்கடலில் ஆண்டுதோறும் முத்துக்குளிப்பு நடந்தது. படகுகள் கரை சேரும் வேளையில் உன் தாத்தா என்னை அழைத்துப் போவார். கல்லின் பாரத்தால் பத்துப் பாகம் ஆழத்துக்கு இறங்கியவன், மூச்சடக்கும் ஒரு நிமிஷத்துக்குள் சிப்பிகளைப் பையில் வாரிக்கொண்டு கயிற்றை அசைத்தால், மேலிருப்பவன் அக்கணமே இழுத்தாக வேண்டும். சகோதரியின் மாங்கல்யத்தை எண்ணிக் கருத்தாயிருப்பான் என்று மைத்துனனையே கயிறு பிடிக்க நிறுத்துவார்கள் என்பது ஊர்ப்பேச்சு. உன் தாத்தா அதை முழுதும் ஒப்புக்கொள்ளமாட்டார். பாசமுள்ளவனும் வெயிலில் கண்ணயர்வான், கடைசி முறையும் முதல் முறைபோலவே விழித்திருப்பது அப்பியாசத்தால் மட்டுமே வரும் என்பார். அவர் சொன்னதே சரியென்று இன்றும் நம்புகிறேன்.

இன்னொன்றையும் அவர் வியந்து சொல்வார். சிப்பிகள் விளையும் கடலடித் திட்டான பாரில் அவை முதிர்ந்திருக்கின்றனவா என்று மாதிரி எடுத்துப் பரீட்சித்த பிறகே அந்நாளில் சர்க்கார் குளிப்பை அறிவிக்கும். முதிராவிட்டால், எத்தனை பேர் ஆவலாய்க் காத்திருந்தாலும், அந்தப் பாரைத் தொடமாட்டார்கள். ஆவலை அடக்கிக் காத்திருப்பதும் நியமமே.

ஆதலால் பத்து நியமங்களை எழுதிச் சுவரில் ஒட்டாதே. எழும் வேளை ஒன்றை மட்டும் நிச்சயித்துக்கொள். மற்றவை பிறகு வரட்டும். ஒரு வாரத்திலேயே பலனைத் தேடிச் சோர்வடையாதே. தவறிய மறுநாள், தண்டனையாக இரட்டிப்பாய்ச் செய்யப் புகாமல், வழக்கமான வேளைக்கே எழுந்திரு. தேர்வு முடிந்த விடுமுறையிலும் இதை விடாதே. உன் தாத்தாவின் நியமம் வேரூன்றியது வேலை ஓய்ந்த காலத்தில்தான்.

எந்த வேளையை நிச்சயித்தாய் என்று அடுத்த கடிதத்தில் எழுது. தவறிய நாட்களையும் மறைக்காமல் எழுது.

இப்படிக்கு,
உன் மாமா