'டைவ்' என்றால் குளி! – ஒரு வினைச்சொல்லின் வரலாறு



நான் முதலாம் ஆண்டு படிக்கும்போது நடந்தது. ஆங்கில ஆசிரியர் கரும்பலகையில் வினைச்சொற்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் இறந்தகாலம் கேட்டுக்கொண்டிருந்தார். 'டைவ்' என்ற சொல் வந்தது. ஒருவன் 'டோவ்' என்றான். இன்னொருவன் 'டைவ்டு' என்றான். "முதல்ல அர்த்தம் சொல்லுங்கப்பா. பெரியதாழை, நீ சொல்லு" என்றார் ஆசிரியர். வகுப்பில் என் பெயரே ஊர்ப்பெயர்தான். நான் எழுந்து, "குளிக்கிறது சார்" என்றேன்.

வகுப்பே சிரித்தது. "சோப்பு போட்டா, போடாமலா?" என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. ஆசிரியர், "மூழ்குதல், பாய்தல்னு எழுதிக்கோ" என்று சொல்லி அடுத்த சொல்லுக்குப் போய்விட்டார்.

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் தாத்தா சங்கு குளித்தவர். எங்கள் வீட்டில் "அந்தக் காலத்துல தாத்தா குளிக்கப் போவாங்க" என்று சொன்னால், கல்லும் கயிறும் தோணியும்தான் ஞாபகத்துக்கு வரும். அன்று முதல் யார் கேட்டாலும் "தாத்தா டைவிங் பண்ணினாங்க" என்று சொல்ல ஆரம்பித்தேன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். படிக்க வந்த இடத்தில் முதலில் கற்றுக்கொண்டது வீட்டுச் சொல்லை மறைப்பதுதான் என்றால் நீங்கள் நம்புவீர்களா? அந்த வெட்கம் எப்படித் தீர்ந்தது என்பதே இக்கட்டுரை. நடுவே கொஞ்சம் இலக்கணம் வரும். பயப்பட வேண்டாம், தேர்வுக்கும் உதவும்!

இரண்டு சொல் ஒன்றான கதை

முதலில் ஆங்கிலத்தைப் பார்ப்போம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பழைய ஆங்கிலத்தில் 'டைவ்' என்ற ஒரே சொல் கிடையாது. இரண்டு சொற்கள் இருந்தன. 'டூவன்' என்றால் தானே தண்ணீருக்குள் போவது. 'டீவன்' என்றால் இன்னொன்றைத் தண்ணீருக்குள் அமிழ்த்துவது. இதைக் கேட்டதும் நம் தமிழாசிரியர் நினைவுக்கு வரவில்லையா? ஆம், தன்வினை, பிறவினை! முழுகு – முழுக்கு, உருள் – உருட்டு, திரும்பு – திருப்பு என்று நாம் பள்ளியில் படித்த அதே கணக்குத்தான்.

கி.பி. 1100 முதல் 1500 வரையுள்ள காலத்தின் ஆங்கிலத்தை இடைக்கால ஆங்கிலம் என்பார்கள். அந்தக் காலத்தில் இவ்விரண்டு சொற்களும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. பொருள் 'டூவன்' சொல்லிலிருந்து வந்தது: தானே முழுகுவது. உருவமோ 'டீவன்' சொல்லிலிருந்து வந்தது. அதனால்தான் இறந்தகாலம் 'டைவ்டு' என்று ஒழுங்காக முடிகிறது. 'டோவ்' என்பது 19-ம் நூற்றாண்டில் அமெரிக்காவில் பரவிய வடிவம். 'டிரைவ் – டிரோவ்' என்பதைப் பார்த்து அதுபோலவே செய்துகொண்டார்கள். ஆகவே அன்று என் நண்பர்கள் இருவர் சொன்னதும் சரிதான். ஆனால் தேர்வில் 'டைவ்டு' என்றே எழுதுங்கள், மார்க் போகாது.

தன்வினை, பிறவினை ஜோடிகள் ஆங்கிலத்தில் முழுவதும் அழிந்துவிடவில்லை. 'சிட்' என்றால் உட்கார், 'செட்' என்றால் உட்காரவை. 'ரைஸ்' என்றால் எழு, 'ரெய்ஸ்' என்றால் எழுப்பு. நாம் எல்லோரும் தப்பு விடுகிற 'லை – லே' கூட இப்படித்தான்: கிட, கிடத்து. தமிழ் தெரிந்தவனுக்கு இது மனப்பாடம் செய்யவேண்டிய விஷயமே இல்லை.

சொல்லின் பொருள் சுருங்குவதும் உண்டு. 'ஸ்டார்வ்' என்றால் இன்று பட்டினி கிடப்பது. இடைக்கால ஆங்கிலத்தில் அதற்குச் சாவது என்றே பொருள், எந்தக் காரணத்தால் செத்தாலும் சரி. ஜெர்மன் மொழியில் அதன் உறவுச்சொல்லுக்கு இன்றும் சாவது என்றுதான் பொருள். ஆங்கிலத்தில் பசியால் சாவதாகச் சுருங்கி, இப்போது "மதியம் சாப்பிடலை, ஸ்டார்விங்" என்று நம் ஹாஸ்டலில் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது. தமிழில் 'நாறு' என்ற சொல்லுக்கும் இதே கதிதான். முன்பு நறுமணத்துக்கும் அதுவே சொல். இன்று மல்லிகை நாறுகிறது என்று சொன்னால் வீட்டில் அடி விழும்!

குளி என்றால் என்ன?

இதைப் படித்தபோதுதான், நம் 'குளி'யும் சுருங்கிய சொல்லாக இருக்குமோ என்று தோன்றியது. ஒரு விடுமுறையில் நூலகத்துக்குப் போய்ச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதியை எடுத்துப் பார்த்தேன். 'குளி' என்ற சொல்லுக்கு ஸ்நானம் செய்வதோடு, நீரில் மூழ்குவது என்ற பொருளும் அங்கே இருந்தது. என் நெஞ்சு படபடத்தது.

வள்ளுவரும் எனக்குச் சாட்சி சொல்கிறார். கள்ளுண்ணாமை அதிகாரத்தில் 929-வது குறளைப் பாருங்கள். குடித்து மயங்கியவனுக்கு நியாயம் எடுத்துச் சொல்வது, தண்ணீருக்கு அடியில் மூழ்கிப்போனவனைத் தீப்பந்தம் கொளுத்தித் தேடுவது போன்றது என்கிறார். அங்கே மூழ்கியவனுக்கு அவர் போட்ட சொல் 'குளித்தான்' என்பதே. அங்கே சோப்பும் இல்லை, துண்டும் இல்லை! பழைய செய்யுள்களில் அம்பு மார்பில் பாய்ந்து உள்ளே புகுவதையும் 'குளித்தது' என்றே பாடினார்கள். ஆக, ஒன்றின் உள்ளே போய் மறைவதுதான் இந்தச் சொல்லின் பழைய பொருள். குளத்திலும் ஆற்றிலும் முழுகி உடம்பைக் கழுவியதால் அதற்கும் 'குளி' என்று பெயர் வந்தது. பிறகு வாளித் தண்ணீரும் ஷவரும் வந்தன. முழுகுவது நின்றுவிட்டது, சொல் மட்டும் தங்கிவிட்டது.

கடல் காத்த சொல்

பழைய பொருள் எங்கே உயிரோடு இருக்கிறது? எங்கள் கரையில்தான். இந்தக் கடற்கரைக்கே முத்துக்குளித்துறை என்றுதான் பெயர். இன்று கடலைவிட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கும் கொற்கை, பாண்டியர் காலத்தில் முத்துக்குப் பேர்போன துறைமுகம். 13-ம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, ஏப்ரல் முதல் மே மாத நடுப்பகுதிவரை நடந்த முத்துக்குளிப்பை எழுதிவைத்திருக்கிறார். கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு மன்னனுக்குப் போனது. சுறா கடிக்காமல் மந்திரம் போட்டவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு. இடைக்கால ஆங்கிலத்தில் 'டைவ்' உருவாகிக்கொண்டிருந்த அதே காலத்தில் இங்கே நம் ஆட்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள்!

அரசாங்கம் தூத்துக்குடியில் நடத்திய கடைசி முத்துக்குளிப்பு வரிசை 1955 முதல் 1961 வரை. அதன்பின் பார்களில் சிப்பி குறைந்து அது நின்றுபோயிற்று. 1973-ல் தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினார்கள். ஆனால் சங்கு குளிப்பது தொடர்ந்தது. என் தாத்தா குளித்தது அந்தச் சங்குதான். ஆங்கிலத்தில் அதை 'சாங்க்' என்பார்கள், அதுவும் நம் சங்குதான்!

காலில் கல்லைக் கொடுத்து இறங்குவார்கள், மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று எங்கள் பக்கம் சொல்வதுண்டு. அக்கா தாலியை அறுக்க அவனுக்கு மனசு வராதே!

ஆழத்தைப் 'பாகம்' என்ற அளவில் சொல்வார்கள். இரண்டு கைகளையும் விரித்தால் வரும் நீளம் ஒரு பாகம், ஏறக்குறைய 6 அடி. ஆங்கிலத்தில் 'ஃபாதம்' என்பதும் விரித்த கைகளின் நீளம்தான். அது வினைச்சொல்லாக வரும்போது பழைய ஆங்கிலத்தில் 'கட்டியணைப்பது' என்று பொருள். பிறகு ஆழத்தை அளப்பது என்று ஆனது. இன்று ஒரு விஷயத்தை ஆழமாகப் புரிந்துகொள்வதற்கு அந்தச் சொல்லைப் போடுகிறார்கள். கட்டிப்பிடித்தல், அளத்தல், புரிந்துகொள்ளுதல். ஒரு சொல் நடந்துவந்த பாதையைப் பாருங்கள்!

"பத்து பாகம் போயிருக்கேம்லே" என்பார் தாத்தா. நாம் படிக்கும் ஹைட்ராலிக்ஸ் சூத்திரத்தில் அதைப் போட்டுப் பார்த்தேன். பத்து பாகம் என்றால் சுமார் 18 மீட்டர். கடல்நீரின் அடர்த்தி, ஈர்ப்பு முடுக்கம், ஆழம் மூன்றையும் பெருக்கினால், உடம்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் ஏறக்குறைய 1.9 கிலோ கூடுதல் அழுத்தம். நோட்டில் விடை வந்ததும் பேனாவை வைத்துவிட்டேன். தாத்தாவுக்கு இடது காது ஏன் கேட்காது என்று சின்ன வயதில் நான் கேட்டதற்கு, "கடல் எடுத்துக்கிட்டுது" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

தாத்தா சொன்ன இலக்கணம்

விடுமுறையில் ஊருக்குப் போனபோது அவரிடமே கேட்டேன். வலது காதுப் பக்கம் போய், சத்தமாகத்தான் கேட்கவேண்டும். "தாத்தா, முங்குறதுக்கும் குளிக்கிறதுக்கும் என்ன வித்தியாசம்?"

வலை பின்னிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "ஏலே, முங்குறவன் தண்ணிய நனைச்சாப் போதும். குளிக்கிறவன் தரையத் தொட்டுட்டு வரணும். வெறுங்கையோட வந்தா அது குளிப்பு இல்ல."

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கைநாட்டுத்தான். ஆனால் அகராதி நாலு வரியில் சொன்னதை அவர் மூன்றே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

இந்த ஆண்டு நம் துறை கருத்தரங்கில் என்னை அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னார்கள். "எங்க தாத்தா சங்கு குளிச்சவங்க" என்றேன். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். இந்த முறை நான் உட்காரவில்லை. கரும்பலகையில் 'குளி' என்று எழுதி, வள்ளுவரில் தொடங்கிப் பத்து பாகத்து அழுத்தம்வரை ஐந்து நிமிடம் பேசினேன். பேசி முடித்ததும் உப்பளத்துத் தொழிலாளியின் மகனான ஒரு நண்பன் அருகில் வந்து, "எங்க வீட்லயும் இப்படி நிறைய சொல்லு இருக்குடா, நான்தான் வெளிய சொல்றதில்ல" என்றான்.

நண்பர்களே, உழவர் வீடு, தச்சர் வீடு, நெசவாளர் வீடு, உப்பளத்து வீடு என்று எங்கெங்கிருந்தோ வந்து இங்கே ஒன்றாகப் படிக்கிறோம். டிப்ளமா முடித்துக் கம்பெனிக்குப் போகும்போது ஆங்கிலம் வேண்டும், அதில் சந்தேகமே இல்லை, நன்றாகப் படிப்போம். ஆனால் வீட்டுச் சொல்லைக் கீழே போட்டுவிட்டுப் போகவேண்டியதில்லை. அடுத்த மலருக்கு ஆளுக்கு ஒரு சொல் கொண்டுவாருங்கள். தரையைத் தொட்டு எடுத்துவாருங்கள், வெறுங்கையோடு வராதீர்கள்!



– இரண்டாமாண்டு இயந்திரவியல் மாணவன், பெரியதாழை