மலைமக்களின் காப்பி நாற்றங்கால்

கம்பம் பள்ளத்தாக்கில் நின்று மேற்கே நோக்கினால், நீலநிற மலைத்தொடர் ஒன்று சுவர்போல் உயர்ந்து நிற்பதைக் காணலாம். மலையடியில் நெல்லும் வாழையும் திராட்சையும் செழித்திருக்கின்றன. 1895-ஆம் ஆண்டில் பெரியாற்று அணை நிறைவுற்றபின் வந்த நீரே இவ்வளத்திற்குப் பெருங்காரணமாகும். மலைமேல் ஏற ஏறப் பயிர் வேறுபடுகிறது. போடிநாயக்கனூருக்கு மேலே குரங்கணி, கொட்டகுடி முதலிய ஊர்களின் சரிவுகளில் ஏலமும் மிளகும் காப்பியும் விளைகின்றன. ஏலக்காயை ஏலம் விடும் போடிச் சந்தையை நாடு முழுவதும் அறியும். காப்பியைப் பற்றித்தான் அவ்வளவாகப் பேசுவார் இல்லை.

இம்மலைகளில் பளியர், முதுவர் முதலிய பழங்குடியினர் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். பளியர் தேனெடுப்பதிலும் காட்டுக்கிழங்கு அகழ்வதிலும் தேர்ந்தவர். மதுரையினின்று பெயர்ந்து வந்தபோது தம் மக்களை முதுகில் சுமந்து மலையேறியமையால் முதுவர் எனப் பெயர் பெற்றதாக முதுவர் கூறுவர். இன்று இவர்களுள் பலர் பிறருடைய ஏலத்தோட்டங்களிலும் காப்பித் தோட்டங்களிலும் கூலிவேலை செய்கின்றனர். தமக்கென உள்ள சிறு நிலத்தில் காப்பி வளர்ப்போரும் உளர். அத்தகையோர்க்கு முதலில் வேண்டுவது நல்ல நாற்று. அது கிடைப்பது எளிதன்று.

காப்பி விதை நெல்போல் குதிரில் கிடக்கும் விதையன்று. பழத்தினின்று எடுத்த சில திங்களுக்குள் அதன் முளைக்கும் ஆற்றல் குன்றிவிடும். ஆதலால் நோயற்ற தாய்ச்செடிகளில் நன்கு கனிந்த பழங்களைப் பறித்து, நீரிலிட்டு, மிதப்பவற்றை நீக்குவர். எஞ்சியவற்றின் தோலைக் கையால் பிதுக்கி, விதையைச் சாம்பலில் புரட்டி, நிழலில் உலர்த்துவர். மார்கழி, தை மாதங்களில் மேட்டுப் பாத்தி அமைத்து, விதையின் தட்டையான பக்கம் கீழே இருக்கும்படி விதைத்து, வைக்கோல் பரப்பி, நாள்தோறும் நீர் தெளிப்பர். ஏறத்தாழ நாற்பத்தைந்து நாளில் முளை தோன்றும். விதையுறையைத் தலையில் தாங்கியபடியே அது நிமிர்ந்து நிற்கும் காட்சி, தொப்பி அணிந்த சிறுவர் வரிசையாக நிற்பது போன்றிருக்கும். தோட்டத்தாரும் இதனைத் தொப்பிப் பருவம் என்றே வழங்குவர். அப்பருவத்தில் முளைகளைப் பெயர்த்து, காட்டு மண் ஆறு பங்கும் தொழுவுரம் இரு பங்கும் மணல் ஒரு பங்கும் கலந்து நிரப்பிய பைகளில் நட்டு, பந்தல் நிழலில் வளர்ப்பர்.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறடிக்கு ஆறடி இடைவெளி விட்டால் ஓர் ஏக்கருக்கு ஏறத்தாழ 1,200 செடிகள் வேண்டும். ஒரு கிலோ விதையில் ஏறக்குறைய 4,000 விதைகள் இருக்கும். அரை ஏக்கர் உடையவனுக்குக் கால் கிலோ விதையே போதும். அதற்கென அவன் தனியே மலையிறங்கி விதை வாங்கி வருவதும், தனிப்பந்தல் இடுவதும், நீருக்கு வழி தேடுவதும் கட்டுமா? பத்துக் குடும்பத்தார் கூடினால் ஓரிரு கிலோ விதையும் ஒரு பந்தலும் ஓர் ஊற்றும் போதும். நீர் தெளிப்பதையும் களை பறிப்பதையும் முறை வைத்துக்கொள்ளலாம். பொது நாற்றங்காலின் பயன் இதுவே.

ஆயினும் ஒற்றுமை மட்டும் இருந்தால் போதாது. கார்த்திகை முதல் தை வரை தோட்டங்களில் காப்பிப்பழம் பறிக்கும் காலம். கூலி தாராளமாகக் கிடைக்கும் காலமும் அதுவே. நாற்றங்கால் வேலையும் அப்பொழுதுதான் தொடங்குகிறது. அன்றாடம் கூலி பெற்று உண்பவன், நாற்றுக்கு நீர் தெளிப்பதற்காக ஒரு நாள் நின்றுவிட்டால் அன்று அடுப்பெரிவது அரிது. நட்ட செடியோ மூன்று நான்கு ஆண்டு கழித்தே காய்க்கும். செல்வர் காத்திருப்பர், வறியவர் எங்ஙனம் காத்திருப்பர்? அரசாங்கத்தின் உதவி இவ்விடத்தில்தான் தேவைப்படுகிறது.

உதவி பல வகைப்படும். முதலாவது நல்விதை. 1869-இல் இலங்கையில் தோன்றிய இலைத்துரு நோய் சில ஆண்டுகளில் அந்நாட்டுக் காப்பித் தோட்டங்களை அழித்தது. நோயைத் தாங்கும் வகைகளைத் தேடும் பணிக்கெனக் கருநாடகத்துப் பாலெகொன்னூரில் 1925-இல் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. அங்குக் கண்ட எஸ்.795 என்னும் வகை இன்றும் பெரிதும் பயிரிடப்படுகிறது. காப்பி வாரியத்தின் வட்டார ஆராய்ச்சி நிலையம் ஒன்று கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடியில் உள்ளது. 1942-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி இயங்கும் அவ்வாரியம், பழங்குடியினர்க்கு மற்றையோரினும் கூடுதலான விகிதத்தில் மானியம் வழங்குகிறது.

மானியம் பெற நிலவுரிமைச் சான்று வேண்டும் என்பதில்தான் சிக்கல் எழுகிறது. பாட்டன் காலமுதல் உழுத நிலமாயினும், பட்டா இல்லையேல் அலுவலகத்தில் கேட்பார் இல்லை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இக்குறையை நீக்க வந்தது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பே காட்டில் பயிர் செய்துவந்த பழங்குடிக் குடும்பத்திற்கு நான்கு எக்டேர் வரை உரிமை வழங்க அது இடமளிக்கிறது. தமிழ்நாட்டில் வழக்கு ஒன்றனால் உரிமை வழங்குவது பல ஆண்டு தடைப்பட்டு, 2016-இல்தான் வழி திறந்தது. நாற்றுக்கு மானியம் தருவோர் முதலில் நிலத்துக்குச் சான்று தர வேண்டும் என்பதே என் கருத்து.

இம்முயற்சி பெரிய அளவில் பலித்த இடம் ஒன்று உண்டு. ஆந்திர நாட்டுக் கிழக்குத் தொடர்ச்சி மலையிலுள்ள அரக்குப் பகுதியில் பழங்குடியினர் காட்டைச் சுட்டெரித்து இடம் மாறிமாறிப் பயிரிட்டு வந்தனர். மாநில அரசின் பழங்குடியினர் வளர்ச்சி அமைப்பும் காப்பி வாரியமும் அவர்களுக்குக் காப்பி நாற்றும் நிழல்மரக் கன்றும் பயிற்சியும் அளித்தன. ஓரிரு ஏக்கர் உடைய எண்ணற்ற குடும்பத்தார் காப்பி விளைவிப்போர் ஆயினர். அரக்குக் காப்பி 2019-இல் புவிசார் குறியீடும் பெற்றது. அங்கும் ஓராண்டில் நிகழ்ந்ததன்று. பல பத்தாண்டுகள் இடையறாது உதவி தொடர்ந்தது.

போடி மலையிலும் மழை தொடங்கியதும் பை நாற்றுகளைச் சுமந்து செல்வர். ஒன்றரை அடிக் குழியில் நட்டு, கல்யாண முருங்கை நிழலில் வளர்த்து, பலா, சவுக்கு மரங்களில் மிளகுக் கொடியும் ஏற்றுவர். நான்காம் ஆண்டில் பழம் சிவக்கும். அராபிகா காப்பி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது. ஆதலின் நல்ல செடியின் விதை தாயை ஒத்தே வளரும். அதன்பின் அடுத்த நாற்றங்காலுக்கு வேண்டும் விதையை அவ்வூரார் தம் செடிகளிலேயே பொறுக்கி எடுத்துக்கொள்ளலாம்.