காய்ச்சலும் பாய்ச்சலும்

சென்னை மாநகரில், அடையாறு கடலொடு கலக்கும் இடத்திற்கு வடபால் பட்டினப்பாக்கம் உள்ளது. அங்கே மீன்வலைகளைக் காணலாம். நெல்வயல்களைக் காண இயலாது. எனினும், அப்பெயரைக் கேட்டவுடன் சிலப்பதிகாரம் நம் நினைவிற்கு வரும். காவிரி கடலொடு கலக்கும் புகார் நகரம் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரு பகுதிகளை உடையது. அவற்றுள் பட்டினப்பாக்கத்தில் உழவரும் வாழ்ந்தனர் என்பர் இளங்கோவடிகள். அவ்வுழவர் வழிவந்தோர்க்கு இந்நாளில் நேர்ந்துள்ள இடர் யாது? அதற்கு மாற்று யாது? இவற்றை இப்பாடத்தில் காண்போம்.

காவிரிப் படுகையின் குறுவைப் பயிருக்காக ஆண்டுதோறும் ஜூன் 12-ஆம் நாள் மேட்டூர் அணையைத் திறப்பது மரபு. ஆயினும், 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்நாளில் அணை திறக்கப்படவில்லை. 2016-இல் வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. 2018 நவம்பரில் கஜாப் புயல் வீசிப் பெருங்கேடு விளைத்தது. புவி வெப்பமடைய வெப்பமடைய, மழை ஒருகால் பொய்த்தலும் ஒருகால் மிகுதலும் பெருகும் என்பது அறிவியலார் முடிபு.

மாணவர்களே! இவ்வெப்பத்திற்கு நெல்வயலும் ஒரு காரணம் என்பது உங்களுக்கு வியப்பளிக்கலாம். வயலில் நீர் இடையறாது தேங்கி நின்றால், மண்ணுக்குள் காற்றுப் புகாது. காற்றில்லா இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் மக்கிய பொருள்களைச் சிதைத்து மீத்தேன் என்னும் வாயுவை உண்டாக்குகின்றன. அது நெற்பயிரின் தண்டு வழியாக மேலேறி வானிற் கலக்கிறது. நூறாண்டுக் கணக்கில் நோக்கின், எடைக்கு எடை, கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தை விளைவிக்க வல்லது அது.

இதற்கு மாற்று, நம் உழவர் வழக்கிலுள்ள 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்னும் முறையாகும். துளைகளிட்ட குழாய் ஒன்றை வயலில் பதித்து, அதனுள் நீர்மட்டத்தை நோக்குவர். நீர் மண்ணின் மேற்பரப்பிற்குக் கீழே 15 செ.மீ. அளவு இறங்கிய பின்னரே மீண்டும் 5 செ.மீ. உயரத்திற்குப் பாய்ச்சுவர். பூக்கும் பருவத்தில் மட்டும் பயிரைக் காயவிடலாகாது. மண்ணிற் காற்றுப் புகுவதால் மீத்தேன் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். பாசன நீரும் 30 விழுக்காடு வரை மிஞ்சும். முறையாகச் செய்தால் விளைச்சல் குன்றாது.

அங்ஙனமாயின், உழவர் அனைவரும் இதனை ஏன் மேற்கொள்வதில்லை? தேங்கிய நீர் களையை அடக்கும். வயல் காய்ந்தால் களை மிகும். மேலும், இன்று வாய்க்காலில் வரும் நீர் நாளை வருமோ என்னும் அச்சமும் உண்டு. களைக்குத் தீர்வு திருந்திய நெல் சாகுபடியில் உள்ளது. அதன்படி, 14 நாள் இளநாற்றைக் குத்துக்கு ஒன்றாக, 22.5 செ.மீ. இடைவெளியில் சதுர வரிசையாக நடுவர். வரிசைகளின் ஊடே உருளும் களைக்கருவி களையை மண்ணோடு அமுக்கி, மண்ணையும் கிளறிவிடும். ஆனால், அச்சத்தைத் தீர்ப்பது உழவன் ஒருவனால் மட்டும் ஆகாது. குறித்த நாளில் குறித்த அளவு நீர் வரும் என்னும் உறுதி அவனுக்கு வேண்டும். அவ்வுறுதியைத் தருவது பாசனத்தை நடத்துவோர் கடன்.

புகார் காவிரியின் கடைமடையில் உள்ளது. தலைமடையிலுள்ளார் வேண்டிய அளவே பாய்ச்சி எஞ்சியதை விடுத்தால் அன்றோ கடைமடைப் பயிர் பிழைக்கும்? தன் வயலில் ஒருவன் காட்டும் சிக்கனம் அயலான் பயிரைக் காக்கிறது. உலகோர் அனைவர்க்கும் பொதுவாகிய வானையும் காக்கிறது. வயலையே காணாத பட்டினப்பாக்கத்துச் சிறுவனும் உண்பது சோறே. ஆதலின், அவ்வுழவர் நலம் நம் நலம் என்று உணர்ந்து, சோற்றையும் நீரையும் வீணாக்காது போற்றுவோமாக.