சுகம் என்று பிரஷர் குளிசையை நிறுத்தலாமா?

"தலைச்சுற்று நின்றுவிட்டது. இனி ஏன் குளிசை?" என்று கேட்பவர்கள் நம்மிடையே பலர். இரத்த அழுத்தம் 140/90க்கு மேல் நின்றாலும் பெரும்பாலானோருக்கு ஒரு நோவும் தெரியாது. குளிசை அதை அடக்கி வைக்கிறது, வேரோடு பிடுங்குவதில்லை. நிறுத்தினால் மீண்டும் ஏறும். இருதய நோயுள்ளவர் அற்றனலோல் குளிசையைத் திடீரென விட்டால் மாரடைப்புக்கூட வரலாம்.

இடம்பெயரும்போது காணி உறுதி, அடையாள அட்டையோடு கிளினிக் கொப்பியையும் ஒரே பையில் வையுங்கள். கொப்பி தவறினால் குளிசையின் வெறும் மட்டையையாவது புதிய வைத்தியரிடம் காட்டுங்கள். ஒரே மருந்துக்குப் பல கம்பனிப் பெயர்கள் உண்டு. கிளினிக்கில் தந்ததும் கடையில் வாங்கியதும் ஒன்றே என்று தெரியாமல் இரண்டையும் விழுங்கினால், அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கி வயலிலே மயங்கி விழ நேரும்.

அயல்வீட்டில் குளிசை வாங்குவது உப்புக் கைமாற்று வாங்குவது போலல்ல. எனலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். கர்ப்பிணியின் வயிற்றுப் பிள்ளைக்கோ கேடு. அம்லோடிபின் சிலருக்குக் காலை வீங்கச் செய்யும். வைத்தியரிடம் சொன்னால் மாற்றித் தருவார். நாரிநோவுக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்குளோபெனாக் அழுத்தத்தை ஏற்றும். நாள் முழுதும் மண்வெட்டி பிடித்தவருக்கு இது கசப்பான செய்திதான்.

ஒரு வேளை தவறினால் நினைவு வந்ததும் எடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டு வேளைக் குளிசையைச் சேர்த்து எடுக்க வேண்டாம். வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை வழங்காவிட்டாலோ, குளிசையைத் தேடிக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.