ஷீட் வந்துவிட்டது, இணைப்பு பழைய கணினியிலேயே நின்றுவிட்டது

கேள்வி: திகனயில் எங்கள் குடும்ப ஹாட்வெயார் கடைக் கணக்கை நான்தான் பார்க்கிறேன். சீமெந்து, கம்பி, பெயின்ட், தேயிலைக் காணிக்காரருக்கு டொலமைட் என்று வியாபாரம். முன்பக்கம் பில் போடும் கணினியில் மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் இருக்கிறது. பின்னறைக் கணினியில் ஓர் எக்செல் ஷீட். 'ரிஃப்ரெஷ் ஒல்' அழுத்தினால் ஸ்டொக்கும் கடன் பாக்கியும் வந்து நிரம்பும். அதைச் செய்து தந்த சித்தப்பாவின் மகன் இப்போது கட்டாரில். விண்டோஸ் 10-க்கு இனி அப்டேட் வராது என்றதால் பின்னறைக்கு விண்டோஸ் 11 லெப்டொப் வாங்கினோம். ஷீட்டைப் பென் டிரைவில் கொண்டுபோய்த் திறந்தால் பழைய எண்கள் இருக்கின்றன. ரிஃப்ரெஷ் செய்தால் 'டேட்டா சோர்ஸ் நேம் நொட் ஃபவுண்ட்' என்றது. பழைய கணினியில் கிடந்த டிரைவர் செட்டப்பைப் போட்டு, அதே பெயரில் ஓடிபிசி இணைப்பு ஒன்று செய்தேன். இப்போது 'ஆர்கிடெக்சர் மிஸ்மெச்' என்கிறது. வாங்கிய இடத்தில் கேட்டால் ஒபிஸைக் கழற்றிவிட்டு மறுபடி போடச் சொல்கிறார்கள். பழைய கணினியை ஒருவர் விலைக்குக் கேட்கிறார். ஃபோமட் செய்து கொடுத்துவிடலாமா சேர்?

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். ஒபிஸையும் கழற்ற வேண்டாம். நீங்கள் தேடுவது இன்னும் அந்தப் பழைய கணினிக்குள்தான் இருக்கிறது.

ஷீட்டில் தெரியும் எண்கள் கடைசியாக ரிஃப்ரெஷ் செய்தபோது இறங்கிய நகல். அவற்றோடு ஷீட்டில் இருப்பது டிஎஸ்என், அதாவது 'டேட்டா சோர்ஸ் நேம்' என்ற ஒரு பெயர். உங்கள் ஃபோனில் 'மாமா' என்று பதிந்து வைத்த பெயரைத் துண்டில் எழுதி இன்னொருவர் கையில் கொடுத்தால், அவர் ஃபோனில் அந்த நம்பர் வருமா? எந்த டிரைவர், எந்த சேர்வர், எந்தத் தரவுத்தளம் என்ற விபரமெல்லாம் விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில், அந்தக் கணினிக்குரிய பதிவாக இருக்கிறது. பென் டிரைவில் அது ஏறாது. முதல் எரர் வந்த காரணம் இதுதான்.

இரண்டாவது எரரைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள். உண்மையில் அது ஒரு படி முன்னேற்றம். பெயர் கிடைத்துவிட்டது, டிரைவர்தான் பொருந்தவில்லை. எக்செலில் 'ஃபைல்', 'அக்கவுண்ட்', 'அபவுட் எக்செல்' என்று போங்கள். மேல் வரியின் கடைசியில் 32-பிட் அல்லது 64-பிட் என்றிருக்கும். ஒபிஸ் 2016 வரை யாரும் மாற்றிக் கேட்காவிட்டால் 32-பிட்டாகத்தான் இறங்கும். 2019 முதல் 64-பிட் வழக்கமாகிவிட்டது. பழைய கணினியிலிருந்து எடுத்த செட்டப் 32-பிட்டாகவும் புது எக்செல் 64-பிட்டாகவும் இருக்கும் என்பது என் கணிப்பு. 64-பிட் எக்செல் 32-பிட் டிரைவரை ஏற்றவே முடியாது. ஒபிஸை எத்தனை முறை கழற்றிப் போட்டாலும் அதே 64-பிட் ஒபிஸ்தான் வந்து உட்காரும்; இதே எரரும் கூடவே வரும்.

அடுத்த பொறி ஓடிபிசி ஜன்னலில். விண்டோஸில் அது ஒன்றல்ல, இரண்டு. ஸ்டார்ட் தேடலில் ஓடிபிசி என்று அடித்தால் 32-பிட், 64-பிட் இரண்டும் வரும். எக்செலுக்குப் பொருந்துவதைத் திறக்க வேண்டும். ஃபோல்டர் வழியாகப் போவது வேண்டாம். சிஸ்டம்32 என்ற ஃபோல்டரில் இருப்பது 64-பிட் கருவி. பெயரில் 64 உள்ள சிஸ்வாவ்64 ஃபோல்டரில் இருப்பது 32-பிட் கருவி. பழைய மென்பொருள்கள் சிஸ்டம்32 என்ற பெயரை நம்பி எழுதப்பட்டிருந்ததால் மைக்ரோசொப்ட் அதை மாற்றத் துணியவில்லை. நாம்தான் தலையைச் சொறிகிறோம்.

முதலில் பழைய கணினியைப் போட்டு, அதில் உள்ள டிஎஸ்என்னைத் திறந்து ஃபோனால் ஒரு படம் எடுங்கள். டிஎஸ்என் பெயர், சேர்வர் முகவரி, போர்ட், யூசர், தரவுத்தளப் பெயர் எல்லாம் படத்தில் விழ வேண்டும். எக்செலிலும் 'டேட்டா' டேப்பில் அந்த இணைப்பின் 'ப்ரொப்பட்டீஸ்', 'டெஃபினிஷன்' என்று போனால் இவற்றில் சில கிடைக்கும். பாஸ்வேர்டை டிஎஸ்என் ஜன்னல் எழுத்தாகக் காட்டாது; எக்செலிலும் பெரும்பாலும் இருக்காது. அதைக் கேட்டுக் கட்டாருக்கு ஒரு வாட்ஸ்அப் போடுங்கள். பிறகு லெப்டொப்பில் மைஎஸ்கியூஎல் ஓடிபிசி டிரைவரின் 64-பிட் பதிப்பைப் போடுங்கள். நிறுவும்போது விசுவல் சி++ ரன்டைம் இல்லை என்று நின்றால் அதைப் போட்டுவிட்டுத் தொடருங்கள். நீங்கள் செய்த டிஎஸ்என்னை நீக்கிவிட்டு, 64-பிட் ஜன்னலில் 'சிஸ்டம் டிஎஸ்என்' பக்கத்தில், பழைய பெயரை இடைவெளி உட்பட அப்படியே கொடுத்துப் புதிதாக ஒன்று செய்யுங்கள். ஆன்சி, யூனிகோட் என்று இரண்டு டிரைவர் காட்டும். யூனிகோட்டையே எடுங்கள், இல்லாவிட்டால் தமிழிலோ சிங்களத்திலோ உள்ள வாடிக்கையாளர் பெயர்கள் கேள்விக்குறிகளாக வரக்கூடும்.

எக்செலுக்குப் போகும் முன் அதே ஜன்னலில் 'டெஸ்ட்' பொத்தானை அழுத்துங்கள். அது தோற்றால் எக்செலைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சேர்வரை எட்டவே முடியவில்லை என்றால், லெப்டொப் எந்த நெட்வேர்க்கில் இருக்கிறது என்று பாருங்கள். டொங்கிளிலோ ஃபோன் ஹொட்ஸ்பொட்டிலோ இருந்தால் கடை ரவுட்டரில் உள்ள பில் கணினி அதற்குத் தெரியாது. ஒரே ரவுட்டரில் இருந்தும் எட்டவில்லையா? பில் கணினியின் ஃபயர்வோல் 3306 போர்ட்டை மறிக்கிறதா என்று பாருங்கள். 'ஹோஸ்ட் இஸ் நொட் அலவ்ட்' என்று வந்தால் விஷயம் வேறு: மைஎஸ்கியூஎல் யார் வருகிறார் என்பதோடு எந்தக் கணினியிலிருந்து வருகிறார் என்றும் பார்க்கும். பழைய கணினியின் ஐபி முகவரிக்கு மட்டும் அனுமதி எழுதியிருந்தால் புது லெப்டொப் அந்நியன்தான். அந்த அனுமதியை பில் கணினியில், மென்பொருள் தந்தவர்களைக் கொண்டே சேர்க்க வேண்டும். அவசரத்தில் 'ரூட்' பாஸ்வேர்டை ஷீட்டில் போட்டுவிடாதீர்கள். வாசிக்க மட்டும் உரிமை உள்ள யூசர் போதும்.

'டெஸ்ட்' வென்றும் எக்செல் அசையாவிட்டால், மேலே மஞ்சள் பட்டையில் 'எனேபிள் கொன்டென்ட்' என்று இருக்கிறதா பாருங்கள். வெளி இணைப்புகளை எக்செல் அப்படித்தான் நிறுத்தி வைக்கும்.

எண்கள் ஓடத் தொடங்கியதும் ஆறுதலாக உட்கார்ந்துவிட வேண்டாம். எரர் காட்டாத ஒரு சிக்கல் இருக்கிறது: திகதி. பல லெப்டொப்புகள் அமெரிக்க ஆங்கில அமைப்போடுதான் கைக்கு வரும். அதில் 03/04 என்று அடித்தால் நமக்கு ஏப்ரல் 3, அதற்கு மார்ச் 4. செல்லில் ஏற்கெனவே திகதியாகப் பதிந்தது கெடாது, காட்டும் விதம்தான் மாறும். புதிதாக நீங்கள் அடிப்பதும், வெறும் எழுத்தாக வந்து எக்செல் மாற்றிக்கொள்ளும் திகதியும்தான் புரளும். 25/04 போன்றவை திகதியாக ஏறாமல் எழுத்தாகவே செல்லின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும், அதனால் கண்ணில் படும். 12-க்குள் உள்ள நாட்கள் சத்தமில்லாமல் மாறும். கடன் பாக்கியை 30 நாள், 60 நாள் என்று பிரித்துப் பார்க்கும் கடைக்கு இது வீண் சண்டையில் கொண்டுபோய் விடும். 'ரீஜன்' அமைப்பை ஆங்கிலம், ஸ்ரீலங்கா என்று மாற்றுங்கள். பிறகு கையில் உள்ள சில பில்களின் திகதியோடு ஷீட்டை ஒப்பிடுங்கள்.

வாடிக்கையாளர் பெயர்கள் சில பாமினி எழுத்துருவில் அடித்தவையாக இருந்தால் அவை ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். அதற்கும் இணைப்புக்கும் சம்பந்தமில்லை. எழுத்துருவைப் போட்டால் சரி.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-ஆம் திகதியோடு முடிந்ததால் கணினி மாற்றியது சரியான முடிவுதான். பழையதை இன்டர்நெட்டில் போடாமல், மாதக் கணக்கு ஒன்று லெப்டொப்பில் சரியாக முடியும்வரை வைத்திருங்கள். பிறகு விற்பதானால் வட்டை முழுக்கத் துடைத்தே கொடுங்கள், அதில் வாடிக்கையாளர் கடன் விபரமெல்லாம் இருக்கிறது. 'டெஸ்ட்' பொத்தானில் நான் சொல்லாத வேறு எரர் வந்தால், அதன் எண்ணையும் முழு வாசகத்தையும் எழுதி அனுப்புங்கள்.