நுளம்பும் நமது வரலாறும்

நமது கிராமங்களில் முதியவர்களிடம் "குலைப்பன் காய்ச்சல்" என்று சொல்லிப் பாருங்கள். உடலை உலுப்பும் குளிர், நெருப்பாய் எரியும் காய்ச்சல், பாய் நனையும் வியர்வை, கசக்கும் குயினைன் என்று வரிசையாகச் சொல்வார்கள். இளையோருக்கோ மலேரியா என்பது காதால் கேட்ட பெயர் மட்டுமே. 2016 செப்டெம்பர் 5ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. இது பெரிய வெற்றி. ஆனால் இதே வெற்றியை நாம் முன்னொரு முறையும் கைக்கெட்டும் தூரத்தில் கண்டு, பின்னர் இழந்திருக்கிறோம். அந்த வரலாற்றைக் கிராம மட்டத்தில் பணிபுரிவோர் அறிந்திருப்பது அவசியம்.

1. நோயைக் காவுவது யார்?

"மலேரியா" என்ற சொல்லுக்கு இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்று பொருள். சதுப்பு நிலங்களிலிருந்து எழும் நச்சுக் காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என மக்கள் பல நூற்றாண்டுகளாக நம்பினர். 1880இல் பிரெஞ்சு மருத்துவர் லவரன் நோயாளியின் இரத்தத்தில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1897இல் இந்தியாவின் செக்கந்திராபாத்தில் ரொனால்ட் ரோஸ் அக்கிருமி நுளம்பின் வயிற்றில் வளர்வதைக் கண்டறிந்தார்.

மலேரியாவைக் காவுவது அனோபிலிஸ் இன நுளம்பு. அதிலும் பெண் நுளம்பே கடிக்கும். முட்டை விளைவிக்க அதற்கு இரத்தம் தேவை. முட்டை, குடம்பி, கூட்டுப்புழு ஆகிய மூன்று பருவங்களும் நீரிலேயே கழிகின்றன. நமது வெப்பத்தில் முட்டை நுளம்பாக மாற ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் போதும். ஆகவே தேங்கிய நீரை வாரம் ஒரு முறை அகற்றினால் நுளம்பின் வாழ்க்கை வட்டம் அறுந்துவிடும்.

2. மழை பொய்த்த ஆண்டு

மலேரியா வறண்ட வலயத்தின் நோய் என்றே பொதுவாகக் கருதப்பட்டது. ஆனால் 1934–35இல் பேரழிவு நேர்ந்தது கேகாலை, குருநாகல் பகுதிகளில். 1934இல் தென்மேல் பருவமழை பொய்த்தது. மகா ஓயா, தெதுறு ஓயா போன்ற ஆறுகள் வற்றி, மணற்படுக்கையில் சிறு சிறு குட்டைகள் எஞ்சின. வெயில் படும் தெளிந்த நீர்க்குட்டைகளே இலங்கையில் மலேரியாவைப் பரப்பிய முக்கிய நுளம்பினத்துக்கு மிகவும் பிடித்த இடம். நுளம்பு பல்கிப் பெருகியது.

வறண்ட வலய மக்களுக்கு அடிக்கடி காய்ச்சல் கண்டு ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருந்தது. ஈரவலய மக்களுக்கு அது இல்லை. மேலும் பயிர் அழிந்து, உலகப் பொருளாதார மந்தத்தால் தொழிலும் குறைந்து, பலர் ஏற்கனவே அரைவயிற்றோடு இருந்தனர். சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். நுளம்பு எல்லோரையும் கடித்தது. ஆனால் உணவும் மருந்தும் எட்டாத குடிசைகளிலேயே சாவு அதிகம். அன்று நிவாரணப் பணியில் இறங்கிய சூரிய மல் இயக்கத்தினர் பலர், 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியை உருவாக்கினர். ஒரு கொள்ளைநோய் நாட்டின் அரசியலிலும் தடம் பதித்தது.

3. வெற்றியும் வீழ்ச்சியும்

1940களின் நடுப்பகுதியில் வீட்டுச் சுவர்களுக்கு டி.டி.ரி. விசிறும் பணி தொடங்கியது. மரணங்கள் வேகமாகக் குறைந்தன. முன்பு காய்ச்சலுக்குப் பயந்து மக்கள் ஒதுங்கிய வறண்ட வலயக் காடுகளில் குடியேற்றத் திட்டங்கள் விரிவடைந்தன. 1963இல் நாடு முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் வெறும் 17 பேர்!

"நோய் ஒழிந்தது" என்ற எண்ணம் பரவியது. மருந்து விசிறல் நிறுத்தப்பட்டது. நோயாளரைத் தேடிக் கண்டுபிடிக்கும் பணியும் தளர்ந்தது. ஆனால் கிருமி சிலரின் உடலில் எஞ்சியிருந்தது. மழை குறைந்தது. இரத்தினக்கல் அகழ்ந்த குழிகளில் நீர் தேங்கியது. அங்கு தொழிலுக்குச் சென்றவர்கள் காய்ச்சலோடு ஊர் திரும்பினர். 1969இல் மட்டும் 5 இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். மீண்டும் டி.டி.ரி.யை எடுத்தபோது நுளம்பு அதற்கு எதிர்ப்புப் பெற்றிருந்தது. மலத்தியன் போன்ற வேறு மருந்துகளுக்கு மாற வேண்டியதாயிற்று.

1999இல்கூட 2 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் நோய்வாய்ப்பட்டனர். அது போர்க்காலம். ஆயினும் மருந்தும் நுளம்பு வலையும் போர்முனைகளைத் தாண்டிச் செல்ல இரு தரப்பும் இடமளித்தன. நடமாடும் குழுக்கள் கிராமம் கிராமமாக இரத்தப் பரிசோதனை செய்தன. 2012 ஒக்டோபரில் கடைசி உள்ளூர் நோயாளி பதிவானார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தவறவிட்டதை இம்முறை விடாமுயற்சியால் அடைந்தோம்.

4. அபிவிருத்திப் பணியாளர் மறக்கக்கூடாதது

நீரை மாற்றுபவர் நுளம்பையும் மாற்றுகிறார். 1980களில் மகாவலி குடியேற்றப் பகுதிகளில் நெல்வயல்கள் பெருகிய இடத்தில், வருமானத்துக்காகப் பன்றி வளர்ப்பும் ஊக்குவிக்கப்பட்டது. நெல்வயலில் பெருகும் க்யூலெக்ஸ் நுளம்பு, பன்றியிலிருந்து மூளைக்காய்ச்சல் வைரசை மனிதருக்குக் காவியது. அனுராதபுரப் பகுதியில் நூற்றுக்கணக்கானோர் நோயுற்றனர், பலர் இறந்தனர். வயலும் நல்லது, பன்றி வளர்ப்பும் நல்லது. இரண்டையும் குடிமனை அருகே சேர்த்து வைத்தபோதுதான் இந்த விளைவு வந்தது. எந்தத் திட்டத்தைத் தொடங்கும்போதும் "நீர் எங்கே தேங்கும்?" என்று கேட்பது நமது கடமை.

5. இன்று வாசலில் நிற்பவை

2018இல் மொனராகலை மாவட்டத்தில், வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரிடமிருந்து நுளம்பு வழியாக இன்னொருவருக்கு மலேரியா தொற்றியது. உடனடிச் சிகிச்சையால் அது பரவவில்லை. அதற்கு முன்பே மன்னார்த் தீவில் "அனோபிலிஸ் ஸ்ரெபென்சி" என்ற புதிய நுளம்பு இனங்காணப்பட்டது. இது ஆற்றுக் குட்டைக்காகக் காத்திருப்பதில்லை. கிணற்றிலும் தண்ணீர்த் தாங்கியிலும் பெருகும். கிருமியோடு ஒருவர் வந்து சேர்ந்தால் காவுவதற்கு நுளம்பு ஆயத்தமாக இருக்கிறது.

மறுபுறம் டெங்கு. 2017இல் 1 இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு டெங்கு எனப் பதிவாகியது. இதைக் காவும் ஈடிஸ் நுளம்பு பகலில் கடிக்கும். சிரட்டையிலும் பழைய ரயரிலும் யோகட் கோப்பையிலும் முட்டையிடும்.

6. நாம் செய்யக்கூடியவை

(அ) வாரம் ஒரு நாளைக் குறித்து, கூரைப் பீலி, பூச்சாடித் தட்டு, ரயர், சிரட்டை ஆகியவற்றிலுள்ள நீரை ஊற்றிவிடுங்கள்.

(ஆ) தண்ணீர்த் தாங்கியை இறுக மூடுங்கள். கிணற்றுக்கு வலை இடுங்கள். குடம்பி தின்னும் கப்பி மீன் விடுவது பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். பாவனையற்ற கிணறுகளைப் பட்டியலிட்டு அவரிடம் கொடுங்கள்.

(இ) மணல், கல், களிமண் அகழ்ந்த குழிகளை மூடுவதை முன்னிபந்தனையாக்குங்கள்.

(ஈ) மலேரியா உள்ள நாட்டுக்குச் செல்பவர் புறப்படுமுன் தடுப்பு மருந்து பெறட்டும். திரும்பியபின் காய்ச்சல் கண்டால், சென்று வந்த நாட்டை வைத்தியரிடம் சொல்லி இரத்தப் பரிசோதனை கேட்கட்டும். இந்தியாவிலிருந்து திரும்பும் நம் உறவினருக்கும் இது பொருந்தும்.

1963இன் பதினேழு நோயாளரை நினைவில் வைத்திருப்போம். நோய் குறையும் காலமே விழிப்பு அதிகம் தேவைப்படும் காலம்.

கலந்துரையாடலுக்கு

1. நமது கிராமத்தில் ஒரு வாரத்துக்கு மேல் நீர் தேங்கும் இடங்கள் எவை? அவற்றுக்குப் பொறுப்பானவர் யார்?
2. கடந்த ஐந்து ஆண்டுகளில் இங்கு நடந்த கட்டட, வீதி, நீர்ப்பாசன வேலைகளால் புதிய குழிகள் உண்டாகியுள்ளனவா?
3. மாதர் சங்கமும் இளைஞர் கழகமும் பாடசாலையும் வாராந்தப் பணியை எவ்வாறு பங்கிட்டுக்கொள்ளலாம்?