குண்டு தாழும், கோடு காக்கும்

நெடுந்தூரத் துப்பாக்கிப் போட்டிகளில், குமிழைத் திருகாமல் ஸ்கோப்பின் ரெட்டிகிள் கோடுகளைக் கொண்டே குண்டின் இறக்கத்தை ஈடுகட்டுவது எப்படி?

அன்பரே, ஒரு மில் என்பது 100 மீட்டரில் 10 சென்டிமீட்டரும் 600 மீட்டரில் 60 சென்டிமீட்டரும் ஆதலால், 100 மீட்டருக்குச் சரிசெய்த தங்கள் துப்பாக்கியின் குண்டு 600 மீட்டரில் 240 சென்டிமீட்டர் தாழுமானால், மையத்துக்குக் கீழுள்ள நான்காவது மில் கோட்டை இலக்கின்மீது நிறுத்திச் சுடுவதே போதுமானது. ரெட்டிகிள் இரண்டாம் குவியத் தளத்தில் அமைந்திருப்பின், இக்கணக்கு ஒரே உருப்பெருக்கத்தில், பெரும்பாலும் உச்சத்தில், மாத்திரமே மெய்யாகும். உருப்பெருக்கத்தைப் பாதியாகக் குறைத்தால் ஒவ்வொரு கோட்டின் மதிப்பும் இரட்டித்துவிடும். முதல் தளத்தில் அமைந்ததற்கு இந்தச் சஞ்சலமே இல்லை. தூரவாரியான இறக்கத்தைச் சுட்டுப் பார்த்துச் சீட்டில் எழுதித் துப்பாக்கியிலேயே ஒட்டிக்கொள்ளுங்கள். போட்டியின் பரபரப்பில் ஞாபகசக்தியைக் காட்டிலும் காகிதமே விசுவாசமான சிநேகிதன்.